மூன்று தட்டு

மூடிய முஷ்டியிலிருந்து வளையல் கழன்று தரையில் கிடந்தால் வளையலைப் பார்த்துப் பயப்படுவதா, கையைப் பார்த்துப் பயப்படுவதா? மண் தள்ளும் டோசர் வண்டியின் இடதுபக்கச் செயின் அப்படித்தான் கழன்று கிடந்தது.

அது கழல ஒரு காரணமும் இல்லை. கனத்த இரும்புக் கண்ணிகளைக் கோத்துச் செய்த வளையம் அது. முன்னால் வழுவழுப்பான ஒரு பெரிய சக்கரம், பின்னால் ஒரு பல்சக்கரம், இரண்டையும் சுற்றி இறுக்கிக்கொண்டு ஓடும். பல்லிடுக்கில் மண் அடைத்தால் கழலும், தளர்ந்து தொங்கினால் கழலும், சரிவில் வெடுக்கென்று திருப்பினால் கழலும். வண்டியை ஓட்டிய தங்கையோ சமதரையில், நேராக, தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பவளைப் போல மெல்ல வந்துகொண்டிருந்தாள். காலையில்தான் அண்ணன் கடப்பாரையைச் செருகி நெம்பிப் பார்த்து, "கல்லு மாதிரி நிக்குது" என்று சொல்லியிருந்தான். அப்படி நின்ற செயின் இப்போது முன்சக்கரத்தை விட்டு ஒரு முழம் வெளியே விலகி, பக்கத்துச் சேற்றில் ஒரு கீறல்கூட விழாமல், யாரோ இரண்டு கையாலும் தூக்கி ஓரமாக எடுத்து வைத்ததுபோல் படுத்திருந்தது.

அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதையே பார்த்தான்.

"திருப்புனியா பாப்பா?"

"இல்லண்ணா."

"கல்லு கில்லு ஏறுச்சா?"

"ஏறுனா உனக்கு முன்னாடி என் இடுப்புக்குத் தெரியாதா?"

கிரீஸ் அடிக்கிறவன் தடித்த மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு குனிந்தான். சோடாபுட்டி என்று கூப்பிட்டால்தான் திரும்புவான். "இது கழண்டது இல்லடா, கழட்டுனது. செஞ்சவன் நம்மளவிட நல்ல மெக்கானிக். ஆளு கிடைச்சா உன்னைத் துரத்திட்டு அவனை வேலைக்கு வெச்சுக்கலாம்."

மண் வெட்டி வெட்டி ஆழமாகிப்போன அந்தப் பள்ளத்துக்குள், மதியம் தாண்டியதுமே வெளிச்சம் அழுக்குத் தண்ணீரின் நிறத்துக்கு வந்துவிட்டது. நான்கு பக்கமும் செங்குத்தாக வெட்டிய மண்சுவர், மேலே போக ஒரே ஒரு சரிவுப்பாதை, அதற்கும் மேலே இறங்கி உட்கார்ந்துவிட்டதுபோல் மேகம். சூடான டீசலும் ஈரமண்ணும் சேர்ந்த வாடை தொண்டையில் பூசிக்கொண்டது. மழை பிடித்தால் மேட்டுத் தண்ணீரெல்லாம் அந்தச் சரிவு வழியாகத்தான் பள்ளத்துக்குள் இறங்கும். வண்டி மூழ்கும். அப்பா போனபின் இந்த ஒரே வண்டியை வைத்துத்தான் அண்ணனும் தங்கையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் அவளுடைய பயம் வண்டியைப் பற்றியது அல்ல. அண்ணனின் கைகளைப் பற்றியது. செயின் மாட்டும்போது அவன் கையுறை போடமாட்டான். உறை போட்டால் இரும்பு பேசுவது விரலுக்குக் கேட்காது என்பான். ஒவ்வொரு முறை செயின் மாட்டி முடிந்ததும் அவள் முதலில் பார்ப்பது அவன் விரல்களைத்தான். அத்தனையும் இருந்தால்தான் அவளுக்கு மூச்சு திரும்பும்.

ரோடு போடும் கம்பெனி மேனேஜரின் ஜீப் சரிவில் வழுக்கிக்கொண்டு வந்தது. அதிலிருந்து இறங்கியவன் செயினைப் பார்க்கவில்லை, இருக்கையில் இருந்தவளைப் பார்த்தான்.

"பொம்பளைய உட்கார வெச்சா இதான் நடக்கும்னு அன்னைக்கே சொன்னேன்."

"கழண்டது செயின் சார்," என்றான் அண்ணன். "ஓட்டுறது அவ. ரெண்டையும் முடிச்சுப் போடாதீங்க."

மேனேஜர் அவன் சட்டைக் காலரைப் பிடித்தான். பேச்சுக்குப் பதில் சொல்லத் தெரியாதவன் கை நேராகக் காலருக்குத்தான் போகும். "மழைக்கு முன்னாடி வண்டி மேல வரணும். வழிய மறிச்சுக்கிட்டு நின்னுச்சுன்னா உங்களைச் சேர்த்தே புதைச்சு மேல ரோடு போட்டுருவேன்." சொல்லிவிட்டு ஜீப்புக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

வேலை ஆரம்பமாயிற்று.

செயின் மாட்டும்போது இந்தக் குடும்பத்துக்கென்று ஒரு முறை இருந்தது. ஓட்டுகிறவளுக்கு இடது முன்சக்கரம் தெரியாது. எஞ்சின் மூடியும், முன்னாலிருக்கும் மண் தள்ளும் பிளேடைத் தாங்கும் இரும்புக் கையும் மறைத்துவிடும். கத்தினாலும் எஞ்சின் சத்தத்தில் கேட்காது. அதனால் கீழே இருப்பவன் வண்டியின் சட்டத்தில் சுத்தியலால் தட்டுவான். ஒரு தட்டு என்றால் முன்னே. இரண்டு என்றால் பின்னே. மூன்று என்றால் நிறுத்து. தட்டு காதில் கேட்பதில்லை. இரும்புத் தரை வழியாக உள்ளங்காலில் ஏறும். அதற்காகவே அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு உட்காருவாள். இன்னொரு விதியும் உண்டு. தட்டு வந்தால் யோசிக்காதே, எட்டிப் பார்க்காதே. எட்டிப் பார்த்தால் முழங்கை லீவரில் படும். லீவரில் பட்டால் கீழே இருப்பவன் கை போகும். அப்பா சொல்லிக்கொடுத்த விதி. அண்ணனின் தட்டு அவளுக்கு அவன் நடைபோலவே தெரியும். கடைசித் தட்டு மட்டும் எப்போதும் கொஞ்சம் மெத்தென்று விழும்.

பிளேடைத் தரையில் ஊன்றி அழுத்தினாள். வண்டியின் மூக்கு முனகிக்கொண்டு மேலே எழுந்தது. இனி வண்டி நகராது, வலதுபக்கத்தைப் பிரேக் போட்டுப் பிடித்தால் இடது செயின் மட்டும் இருந்த இடத்தில் சுழலும். எஞ்சினை மெல்ல ஓடவிட்டுவிட்டுக் காத்திருந்தாள். அண்ணன் கடப்பாரை எடுக்கப் போனான். முன்கண்ணாடியில் அவன் முதுகு நன்றாகத் தெரிந்தது. தோளில் கடப்பாரை, இடுப்பில் செருகிய சுத்தியல்.

அப்போது உள்ளங்காலில் ஒரு தட்டு.

ஒன்று. முன்னே.

அவள் கை பழக்கத்தில் லீவர் மேல் போய்விட்டது. விரலை மடக்கிக்கொண்டு சோடாபுட்டியைத் தேடினாள். அவன் வலதுபக்கம் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

"நீ தட்டுனியா?"

"எனக்கென்ன வேண்டுதலா?"

"கீழ ஏதோ தட்டுச்சு."

"சூடு ஆறுது தாயி. இரும்பு ஆறுறப்ப டக்கு டக்குனு முனகும். எம்பொண்டாட்டி கோவம் ஆறுறப்பவும் இதே சத்தம்தான்."

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் இரும்பு எப்படி ஆறும் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

செயினை மறுபடி ஏற்ற முன்சக்கரம் உள்ளே தள்ள வேண்டும். அதை வெளியே முட்டிக்கொண்டு நிற்கவைப்பது ஒரு குழாய்க்குள் அழுத்தி அடைத்த கிரீஸ். அந்த அழுத்தம் துப்பாக்கிக்குச் சமம். வால்வை அரைச்சுற்றுத்தான் திருகலாம், அதுவும் முகத்தையும் கையையும் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு. சோடாபுட்டி வாழ்நாளில் பாதியை இந்த வால்வோடு கழித்தவன். அண்ணன் பக்கத்தில் நின்றான். அவள் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்து பார்த்தாள். சோடாபுட்டி ஸ்பானரை வைத்தான். கால் சுற்று. கிரீஸ் புழுவைப்போல நெளிந்து வந்தது. முன்சக்கரம் ஓர் அங்குலம் பின்வாங்கியது.

"பாத்தியா? பூ மாதிரி," என்று ஸ்பானரை எடுத்தான்.

சட்டத்துக்குள்ளிருந்து ஒரு தட்டு கேட்டது. மூன்று பேருக்கும் கேட்டது. யாரும் தொடாத வால்வு தானாக ஒரு முழுச்சுற்று சுழன்றது.

சத்தம் பெரிதாக இல்லை. ஈரத்துணியைக் கிழித்த சத்தம். சோடாபுட்டி தன் வலது உள்ளங்கையைப் பார்த்தான். நடுவில் மிளகு அளவுக்கு ஒரு ஓட்டை. ரத்தம்கூட இல்லை. பிறகு அந்தக் கை வீங்கத் தொடங்கியது. தோலுக்கு அடியில் கருப்பாக ஏதோ ஓடி, மணிக்கட்டைத் தாண்டி, முழங்கைவரை மேடாகப் புடைத்துக்கொண்டு ஏறியது. முன்கையின் தோல் பளபளவென்று இழுபட்டு, ஓர் இடத்தில் வாய் திறந்தது. அங்கிருந்து கிரீஸ் வந்தது. அப்புறம்தான் அவன் கத்தினான். மண்சுவர் நான்கும் அந்தக் கத்தலைத் திருப்பித் திருப்பிக் கொடுத்தன.

மேனேஜர் ஜீப்பிலிருந்து ஓடிவந்து அவன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டான். கத்தலை நிறுத்த அவனுக்குத் தெரிந்த வைத்தியம் அது.

"கிரீஸ்தானேடா! கழுவுனா போயிரும்!"

"கையை வெட்ட வேண்டியிருக்கும் சார்," என்றான் அண்ணன். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. இப்பவே."

"நீ?"

அண்ணன் மேகத்தைப் பார்த்தான். "முன்சக்கரம் உள்ள போயிருச்சு. பாதி வேலை முடிஞ்சது. நாங்க மாட்டிட்டு வர்றோம்."

ஜீப் போனது. சோடாபுட்டியின் கத்தல் சரிவில் ஏறி, தேய்ந்து, மேலே எங்கோ நின்றது. பள்ளத்தில் இரண்டு பேர்தான் மிச்சம்.

"போயிரலாம்ணா," என்றாள் அவள். "மூழ்கட்டும். வேற பொழப்பு பாத்துக்கலாம்."

"என்ன பொழப்பு? நீ கலெக்டர், நான் உனக்கு டிரைவரா?"

"அந்த வால்வு தானா சுத்துச்சு. நீயும் பாத்த."

"பாத்தேன்." அவன் வால்வை இறுக்கிவிட்டுக் கையைத் துடைத்தான். அத்தனை விரலும் இருந்தது. அவள் எண்ணிக்கொண்டாள். "அதிர்ச்சிக்குச் சுத்தியிருக்கும். ஏறு பாப்பா. நீ தொட்டில் ஆட்டுற மாதிரி மெல்ல ஆட்டு, நான் மாட்டிர்றேன்."

எஞ்சின் உறுமியது. முதல் தூறல் கண்ணாடியில் விழுந்து தூசியோடு சேறாக வழிந்தது. அவள் உள்ளங்கால்களைத் தரையில் பதித்தாள்.

ஒரு தட்டு. மெத்தென்று. அண்ணன். முன்னே எடுத்தாள். கண்ணிகள் கடகடத்தன.

மூன்று தட்டு. நிறுத்தினாள்.

இரண்டு. பின்னே.

ஒன்று.

முன்னே என்று கை போனது. காதில் அண்ணனின் கத்தல் கேட்டது. எஞ்சினையும் மீறிய கத்தல். நிறுத்தினாள். அவன் முன்னால் ஓடிவந்து நின்றான். முகம் வெளிறியிருந்தது. கடப்பாரை வில்லாக வளைந்துபோயிருந்தது.

"ஏன்டி எடுத்த? விரல் உள்ள இருந்துச்சு!"

"தட்டுனியே!"

"நான் எங்க தட்டுனேன்?" சுத்தியலை உயர்த்திக் காட்டினான். "கையில வெச்சிருக்கேன், தட்டவே இல்ல…"

அவன் கை உயரத்தில் இருந்தது. சுத்தியல் எதையும் தொடவில்லை. அப்படி இருக்கும்போதே அவள் உள்ளங்காலில் ஒரு தட்டு விழுந்தது. அவன் சட்டத்தில் சாய்ந்திருந்தான். அவனுக்கும் அது தோளில் விழுந்திருக்க வேண்டும். தேள் கொட்டியவன்போல் விலகினான்.

மெத்தென்று. அவனுடைய தட்டு மாதிரியே.

மழை கனத்தது. சரிவில் மஞ்சள் தண்ணீர் நாக்கு நாக்காக இறங்கத் தொடங்கியது. செயின் பாதிக்கு மேல் சக்கரத்தில் ஏறிவிட்டது. இன்னும் நாலைந்து கண்ணிதான். இந்த நிலையில் எந்த மெக்கானிக்கும் விட்டுவிட்டுப் போகமாட்டான். பாதி மாட்டிய செயின் அவர்கள் கண்ணுக்குப் பாதி போட்ட தையல் மாதிரி. அந்தப் புத்திதான் அவனைப் பிடித்து வைத்தது.

அவன் இருக்கைக்கு ஏறி வந்தான். அவள் காதைக் கையால் பொத்தி, உதடு படும்படி வாயை வைத்து, மூச்சாலேயே சொன்னான்.

"மாத்திக்கலாம். மூணு தட்டுனா முன்னே. ஒண்ணு தட்டுனா நிறுத்து. வாயால திருப்பிச் சொல்லாத. மனசுல வெச்சுக்கோ. அது என்ன எழவோ, பழசையே தட்டட்டும்."

அவள் தலையாட்டினாள். அவன் அவள் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு இறங்கினான். "முடிச்சுட்டுச் சூடா டீ குடிப்போம். நீ வாங்கித் தர்ற."

ஒரு தட்டு வந்தது. அவள் அசையவில்லை. புது முறையில் அது நிறுத்து. வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. மறுபடி ஒரு தட்டு. மறுபடி. உள்ளே இருந்த ஏதோ ஒன்று பொறுமை இழந்ததுபோல் ஒன்று, ஒன்று, ஒன்று என்று தட்டிப் பார்த்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. பயத்தில் வரும் கேவலமான சிரிப்பு. தட்டு, தட்டு, மண்டையை உடைச்சுக்கோ.

பிறகு மூன்று.

முன்னே எடுத்தாள். கண்ணி ஒன்று ஏறியது. ஒரு தட்டு. நிறுத்தினாள். எல்லாம் சரி. அண்ணனின் கத்தல் இல்லை. கண்ணாடி ஓரத்தில் ஒரு கணம் அவன் தலைமுடி தெரிந்தது, நனைந்து, நெற்றியில் ஒட்டி.

மூன்று. முன்னே.

மூன்று. முன்னே.

இன்னும் ஒரு கண்ணிதான் இருக்க வேண்டும்.

மூன்று. கடைசி மெத்தென்று. அவள் எடுத்தாள். எஞ்சின் கொஞ்சம் திணறியது. எதையோ மென்றதுபோல். பிறகு இலகுவானது.

மூன்று.

உடனே மூன்று.

மூன்று. மூன்று.

அவள் கை லீவரோடு போய்க்கொண்டே இருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அண்ணன் ஒருபோதும் இப்படி அவசரமாகத் தட்டமாட்டான். அவன் கைக்குப் பழகியது பழைய முறை. சின்ன வயதிலிருந்து பழகிய முறை. மூன்று என்றால் நிறுத்து. வலி வந்தால் மனிதன் புதுசையா நினைப்பான்? கை பழசைத்தான் தட்டும்.

நிறுத்து என்கிறான்.

நிறுத்து, நிறுத்து, நிறுத்து என்கிறான். அவள் முன்னே எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

லீவரை வெடுக்கென்று இழுத்து நிறுத்தினாள். சாவியைத் திருகி வெளியே எடுத்தாள். எஞ்சின் இருமிக்கொண்டு செத்தது. மழைச்சத்தம் மட்டும். எப்படி இறங்கினாள் என்று தெரியாது. சேற்றில் விழுந்தாள். எழுந்தாள். பிளேடைச் சுற்றி ஓடினாள்.

அண்ணன் நின்றுகொண்டிருந்தான். ஏதோ கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பவன்போல முன்சக்கரத்தின் மேல் சாய்ந்து. இரண்டு கையும் முழங்கைவரை செயினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில். கை என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. சட்டை உள்ளே போயிருந்தது. வெள்ளையாக எலும்பு, சிவப்பாக நார், கருப்பாக கிரீஸ். கண்ணிகளின் இடுக்கிலிருந்து மழை எல்லாவற்றையும் கழுவிக் கீழே அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரு விரல் மட்டும் செயின்மேல் தனியாக, முழுசாக உட்கார்ந்திருந்தது. நகத்தில் எப்போதும் இருக்கும் அந்த அழுக்கோடு.

அவன் கத்தவில்லை. கத்தும் இடத்தைத் தாண்டியிருந்தான். கண் திறந்திருந்தது.

"அண்ணா… அண்ணா… மூணு தட்டுனியே… பழக்கத்துல தட்டிட்டியா? நான் முன்னேன்னு நெனச்சு… நான்…"

அவன் அவளைப் பார்த்தான். உதடு நீலமாக இருந்தது.

"எதால தட்டுவேன் பாப்பா?"

அவள் சுத்தியலைத் தேடினாள். அது தூரத்தில், பிளேடின் மறுமுனையில், கடப்பாரையோடு சேர்த்து ஒரு கல்லின்மேல் கவனமாக வைக்கப்பட்டிருந்தது. இரண்டு கையாலும் கடைசிக் கண்ணியைப் பிடித்துச் சக்கரத்தில் உட்காரவைக்க, அவன் அதை வைத்துவிட்டிருக்கிறான். எஞ்சின் திணறிய அந்த மூன்றுக்கு முன்பே.

காதில் மூச்சாலே சொன்னது. இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தது, அதற்கும் கேட்டிருக்கிறது.

"பின்னால எடு," என்றான் அண்ணன். "மெல்ல. வெளிய வந்துரும்."

என்ன வெளியே வரும் என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை. சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். ஏணிப்படியில் வெறுங்காலை வைத்தாள். இரும்பு குளிர்ந்திருந்தது.

உள்ளங்காலில் ஏறியது.

ஒன்று.

இரண்டு.

மூன்றாவது, மெத்தென்று.

"இல்ல," என்றாள் அவள்.

எஞ்சின் அணைந்திருந்தது. சாவி அவள் கையில். இருக்கையில் யாரும் இல்லை.

செயின் நகர்ந்தது.

சத்தமே இல்லாமல், புதிதாக எண்ணெய் போட்ட கதவுபோல, ஒரு கண்ணி அளவு முன்னே. அண்ணனின் தோள்கள் இரண்டும் சக்கரத்தோடு போய் ஒட்டின. அவன் கன்னம் ஈரமான இரும்பில் பதிந்தது. தூங்குவதற்குத் தலை சாய்ப்பவன்போல, அவன் முகம் அவள் பக்கம் திரும்பியது.

மறுபடியும் மூன்று.